பாட்டோடு பாட்டைச் சேர்ப்பது எப்படி?

சென்ற பொங்கல் விழாவில் நடந்ததை அன்பர்கள் பலர் மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. குழந்தைகளின் நடன நிகழ்ச்சிக்கு ஆறு பாடல்களைக் கோத்து ஒரே தொடராகத் தயார் செய்யும் பொறுப்பை நான்தான் ஏற்றிருந்தேன். "ரயில்வேயில் இன்ஜினீயராக இருந்தவர், அவருக்கு இதெல்லாம் ஒரு காரியமா?" என்று செயற்குழுவில் ஒருவர் சொன்னார். நானும் அதை நம்பிவிட்டேன். கணினியில் ஒவ்வொரு பாட்டிலும் ஒன்றரை நிமிடத்தைக் கடிகாரம் பார்த்து வெட்டினேன், ஒட்டினேன். வீட்டில் போட்டுக் கேட்டபோது நன்றாகத்தான் இருந்தது.

மேடையில், இரண்டாவது பாட்டு முடிந்து மூன்றாவது தொடங்கிய இடத்தில் எட்டுக் குழந்தைகளும் ஒரே நேரத்தில் தடுமாறினார்கள். ஏழு பேர் ஒருவரை ஒருவர் பார்த்து எப்படியோ சமாளித்துக்கொண்டார்கள். முன்வரிசையில் நின்ற ஒரு சிறுமி மட்டும் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றாள். பிறகு அழுதுகொண்டு உள்ளே ஓடிவிட்டாள். அவளுடைய தாயார் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "குழந்தைக்கு மேடைக் கூச்சம்" என்று பக்கத்திலிருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

என் தம்பி மகன் புனேயில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கிறான். சனி, ஞாயிறுகளில் கல்யாண வரவேற்புகளில் டி.ஜே.யாகவும் இருக்கிறான் என்பது எங்கள் குடும்பத்தில் சற்றுத் தணிந்த குரலில் பேசப்படும் விஷயம். தீபாவளிக்கு வந்தவனிடம் நான் கோத்த பாடல் தொடரைப் போட்டுக் காட்டினேன். இரண்டு நிமிடம்கூடக் கேட்கவில்லை. "பெரியப்பா, நீங்க கடிகாரத்தைப் பார்த்து வெட்டியிருக்கீங்க. தாளத்தைப் பார்த்து வெட்டணும்" என்றான். நான்கு நாள் அவனிடம் பாடம் கேட்டேன். அதை இங்கே எழுதுகிறேன். நம் பிள்ளைகளில் இரண்டு மூன்று பேர் இந்தத் தொழிலில் ஆசையாக இருக்கிறார்கள் என்று தெரியும். 'பொத்தானை அமுக்குகிற வேலை' என்று அவர்களைத் திட்டுகிற பெற்றோரும் இதைப் படிக்கலாம்.

முதலில் ஒரு சொல் விளக்கம். இங்கே மகாராஷ்டிரத்தில் டி.ஜே. என்றால், பிள்ளையார் ஊர்வலத்தில் லாரியில் சுவர் போல ஒலிபெருக்கிகளை அடுக்கிக்கொண்டு ஜன்னல் கண்ணாடி அதிரப் போகிறதே, அதற்குப் பெயராகிவிட்டது. நான் சொல்வது அதுவல்ல. டிஸ்க் ஜாக்கி என்ற ஆளைப் பற்றி. இரண்டு இசைத்தட்டு இயந்திரங்கள், நடுவில் ஒரு மிக்ஸர், தலையில் ஹெட்போன். ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்ததைத் தயார் செய்து, ஆடுகிறவர் கால் நிற்காமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுபோவதுதான் அவர் வேலை.

இந்தக் கலை உருவானது அமெரிக்காவில், நியூயார்க் நகரத்தில். 1960-களின் கடைசியிலும் 1970-களின் தொடக்கத்திலும் அங்கே மேற்கு 43-ஆம் தெருவில் 'சாங்க்சுவரி' என்றொரு நடனக்கூடம் இருந்தது. அது முன்னாளில் ஜெர்மானியர்களின் தேவாலயம். அங்கே இசைத்தட்டு போட்டவர் ஃபிரான்சிஸ் கிராஸோ என்ற இளைஞர். அதுவரை பாட்டு முடிந்ததும் ஒரு மௌனம், அப்புறம் அடுத்த பாட்டு என்பதே வழக்கம். கிராஸோ இரண்டு வேலை செய்தார். ஒன்று, இசைத்தட்டுக்கு அடியில் வழுக்கும் ஃபெல்ட் துணி வட்டத்தைப் போட்டு, கீழே மோட்டார் சுழன்றுகொண்டிருக்க, மேலே தட்டை மட்டும் விரலால் பிடித்து நிறுத்திவைத்தார். சரியான நொடியில் விரலை எடுத்தால் பாட்டு அந்த நொடியில் தொடங்கும். மோட்டார் வேகம் பிடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். காரில் கிளட்சை மிதித்து விடுகிற கதைதான். வானொலி நிலையத்தார் ஏற்கெனவே அறிந்திருந்த உத்தி இது. இவர் அதை நடனக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். இரண்டாவது, இரண்டு பாட்டின் தாளத்தையும் ஒன்றாக்கி, இரண்டையும் சேர்ந்தாற்போல ஓடவிட்டார். சிகாகோ என்ற குழுவின் பாட்டு ஒன்றின் மேல் லெட் ஸெப்பலின் என்ற குழுவின் பாட்டை ஏற்றி, நிமிடக்கணக்கில் இரண்டையும் பிரியாமல் ஓடவிட்டார் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் அறிந்த செய்தி.

தாளத்தை ஒன்றாக்குவது என்றால் என்ன? இங்கே கொஞ்சம் கணக்கு வரும். பொறுத்தருள வேண்டும்.

மேற்கத்திய நடனப் பாட்டின் வேகத்தை ஒரு நிமிடத்துக்கு எத்தனை அடி என்று அளக்கிறார்கள். நாம் கைத்தாளம் போடும்போது எத்தனை முறை தட்டுகிறோமோ அத்தனை அடி. 120 அடி என்றால் அரை விநாடிக்கு ஒன்று. இப்போது ஓடும் பாட்டு 120, அடுத்தது 123 என்று வைத்துக்கொள்வோம். காதுக்கு இரண்டும் ஒரே வேகமாகத்தான் படும். முதல் அடியைச் சரியாக ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துவிட்டாலும், ஒவ்வோர் அடிக்கும் 12 மில்லி செகண்ட் விலகும். சுமார் 20, 30 மில்லி செகண்ட் விலகினால் நம் காதுக்கு ஓர் அடி இரண்டடியாகக் கேட்கத் தொடங்கும். ஆக, மூன்றாவது அடியிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும். பத்து விநாடியில் ஒரு பாட்டின் அடி மற்றதன் இரண்டு அடிகளுக்கு நட்டநடுவில் போய் விழும். தம்பி மகன் இதை வேண்டுமென்றே செய்து காட்டினான். மாடிப்படியில் தகர டப்பா உருளுகிற சத்தம்!

ஆகவே 123-ஐ 120-க்குக் குறைக்க வேண்டும். அதாவது ஏறக்குறைய 2.4 சதவீதம். இதற்கு வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல் ஒன்று இயந்திரத்தில் வேண்டும். மட்சுஷிதா கம்பெனி டெக்னிக்ஸ் என்ற பெயரில் 1972-ல் கொண்டுவந்த எஸ்.எல்.1200 என்ற இயந்திரமும், 1979-ல் வந்த அதன் இரண்டாவது வடிவமும்தான் இந்தத் தொழிலின் அம்பாஸடர் கார். பெல்ட் கிடையாது, மோட்டாரின் அச்சே தட்டைச் சுழற்றும். முக்கால் விநாடிக்குள் முழு வேகம் பிடித்துவிடும். 1979 வடிவத்தில் வலதுபுறம் நீளமான ஒரு தள்ளுகோல். அதனால் 8 சதவீதம் வரை கூட்டலாம், குறைக்கலாம். சுழலும் தட்டின் விளிம்பில் நான்கு வரிசைப் புள்ளிகள்; அதன்மேல் ஒரு சிவப்பு விளக்கு விழுகிறது. பெரிய புள்ளிகள் அசையாமல் நின்றதுபோலத் தெரிந்தால் வேகம் துல்லியம் என்று அர்த்தம். ஸ்ட்ரோபோஸ்கோப் கொண்டு மோட்டார் வேகம் பார்த்தவர்களுக்கு இதைப் பார்த்தால் பழைய நண்பரைக் கண்டதுபோல இருக்கும். 2010-ல் இதன் உற்பத்தியை நிறுத்தினார்கள். விட்டால்தானே! 2016-ல் மறுபடி தொடங்கிவிட்டார்கள்.

வேகம் சரியானால் மட்டும் போதாது என்பதுதான் எனக்கு ருசித்த இடம். நான் மின்சாரப் பிரிவில் இருந்தவன். பவர் ஹவுஸில் ஓர் ஆல்டர்னேட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டாவதை அதனுடன் இணைக்க வேண்டுமானால், அலைவெண் ஒன்றாக இருக்க வேண்டும். அலையின் உச்சியும் உச்சியும் ஒரே கணத்தில் வர வேண்டும். நடுவில் கட்டிய விளக்குகள் மெதுவாக மங்கி, மெதுவாகப் பிரகாசிக்கும். முழுக்க அணைந்த அந்தக் கணத்தில் ஸ்விட்சைப் போட வேண்டும். தப்பாகப் போட்டால் இயந்திரமே குலுங்கும். டி.ஜே. செய்வதும் இதுவேதான். அவரிடம் விளக்கு கிடையாது, காதுதான். ஒரு காதில் ஹெட்போன் வழியாக வரப்போகும் பாட்டு, மறு காதில் கூடத்தில் ஓடும் பாட்டு. புதிய பாட்டு முந்தினால் தட்டின் ஓரத்தை விரல் நுனியால் லேசாகத் தொட்டு அடக்குகிறார். பிந்தினால் மெல்லத் தள்ளுகிறார். பிறகு தள்ளுகோலை மயிரிழை நகர்த்துகிறார். வித்தியாசம் 0.1 அடிக்குள் வந்துவிட்டால், அரை நிமிடத்தில் 25 மில்லி செகண்ட்தான் விலகும். அதற்குள் மாற்றத்தை முடித்துவிடலாம். யோசித்துப் பாருங்கள், ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான பிழையைக் காதாலேயே திருத்துகிறார்கள். நான் நாள் முழுக்க முயன்று ஒரே ஒரு முறை சேர்த்தேன்.

1970-களின் பாட்டுகளில் டிரம் வாசித்தவர் மனிதர் என்பதால் வேகம் நடுவிலேயே கூடிக் குறையும். ஆகவே கையை எடுக்கவே முடியாது. பின்னால் டிரம் மெஷின் வந்தபின் வேலை எளிதாயிற்று. நம் பழைய சினிமாப் பாட்டுகளிலும் அப்படித்தான். முழு வாத்தியக் கோஷ்டியும் உட்கார்ந்து வாசித்த பாட்டில், பல்லவி ஒரு வேகம், கடைசிச் சரணம் ஒரு மயிரிழை வேகம் அதிகம்.

இன்னொரு நுட்பம். ஒலி ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் போகும். பத்து மீட்டர் தள்ளி இருக்கும் ஒலிபெருக்கியின் சத்தம் சுமார் 30 மில்லி செகண்ட் தாமதமாகத்தான் காதுக்கு வரும். அதை நம்பித் தாளம் சேர்த்தால் கணக்கு தப்பும். அதனால்தான் டி.ஜே.க்குப் பக்கத்திலேயே ஒரு சிறு ஒலிபெருக்கி வைக்கிறார்கள். நம் மைக் செட்காரர்கள் அதை வைக்க மறந்தால் சண்டை போடுகிறான் என்று என் தம்பி மகனைக் குறை சொன்னார்கள். அவன் சண்டை போட்டது நியாயம்.

நியூயார்க்கிலேயே பிராங்க்ஸ் என்ற ஏழைப் பகுதியில் வேறொரு கிளை முளைத்தது. ஜமெய்க்காவில் பிறந்த கூல் ஹெர்க் என்பவர் 1973 ஆகஸ்ட் 11 அன்று, ஸெட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண் அடுக்குமாடிக் கட்டடத்தின் பொது அறையில் தன் தங்கை ஏற்பாடு செய்த விருந்துக்கு இசைத்தட்டு போட்டார். ஹிப் ஹாப் இசையின் பிறந்த நாளாக அதைக் கொண்டாடுகிறார்கள். பாட்டு நின்று வெறும் தாளவாத்தியம் மட்டும் ஒலிக்கும் சில விநாடிகளில்தான் ஜனங்கள் மிக உற்சாகமாக ஆடுகிறார்கள் என்பதை அவர் கவனித்தார். ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதி வாங்கி, ஒன்றில் அந்த இடம் முடிந்ததும் மற்றதில் அதே இடத்தைத் தொடங்கி, தனி ஆவர்த்தனத்தை நீட்டுவதுபோல நீட்டினார். அவருக்குப் பின் வந்த கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ், தொழிற்பள்ளியில் மின்னணுவியல் படித்தவர். இசைத்தட்டின் மேல் கிரேயானால் கோடு போட்டு, கடிகார முள் மாதிரி அது எத்தனை சுற்றுத் திரும்ப வேண்டும் என்று கணக்குப் பண்ணினார். அடுத்த பாட்டை ஹெட்போனில் முன்கூட்டிக் கேட்பதற்கான ஸ்விட்சைத் தானே தயாரித்துக்கொண்டார். நம் பாலிடெக்னிக் பையன்களில் ஒருவர் மாதிரி என்று எனக்குத் தோன்றியது.

இனி நான் செய்த தப்புக்கு வருகிறேன்.

அந்த இரண்டாவது பாட்டின் வேகம் 98. ஒன்றரை நிமிடத்துக்கு 147 அடி. நம் ஆதி தாளம் போல எட்டு எட்டாக எண்ணினால், 18 ஆவர்த்தனம் முடிந்து மேலே மூன்று அடி. நான் அங்கே வெட்டினேன். குழந்தைகள் மனத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, 'நான்கு' என்று காலைத் தூக்கும்போது அடுத்த பாட்டு 'ஒன்று' என்று தொடங்கிவிட்டது. அதுவும் 106 வேகத்தில். எண்ணிக்கையும் போயிற்று, வேகமும் போயிற்று. மற்ற ஏழு குழந்தைகளும் பக்கத்திலிருப்பவர்களைப் பார்த்து ஆடியவர்கள். அந்தச் சிறுமி ஒருத்திதான் ஒழுங்காக எண்ணிக்கொண்டிருந்தாள். அதனால்தான் அவள் நின்றாள்.

இந்தக் கணக்கைப் போட்ட மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போய் அவளிடம் சொன்னேன். "அப்போ நான் சரியாத்தான் ஆடினேனா தாத்தா?" என்று கேட்டாள். "நீ சரிம்மா, பாட்டுதான் தப்பு" என்றேன். அவள் தாயார் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

டி.ஜே.க்கள் அடியை மட்டும் எண்ணுவதில்லை, வாக்கியத்தையும் எண்ணுகிறார்கள். நடனப் பாட்டுகள் பெரும்பாலும் நான்கு அடி ஒரு கட்டு, எட்டுக் கட்டு ஒரு வாக்கியம் என்று கட்டப்பட்டவை. மொத்தம் 32 அடி, நம் கணக்கில் ஆதி தாளம் நான்கு ஆவர்த்தனம். 120 வேகத்தில் 16 விநாடி. பழைய பாட்டின் வாக்கியம் முடியும் இடத்தில் புதியதன் வாக்கியம் தொடங்க வேண்டும். இப்போதைய இயந்திரங்களில் 'ஸிங்க்' என்று ஒரு பொத்தான் உண்டு. அமுக்கினால் வேகத்தையும் அடியையும் தானே சேர்த்துவிடும். பொத்தான் அமுக்குகிற வேலை என்ற வசவுக்கு அதுதான் காரணம். ஆனால் எந்த இடத்தில் அமுக்குவது என்பதை மனிதர்தான் எண்ணித் தீர்மானிக்க வேண்டும்.

அடுத்தது, ஒன்றைத் தணித்து மற்றதை உயர்த்துவது. இதில் ஒரு பொறி இருக்கிறது. இரண்டையும் நடுவில் பாதிப் பாதி வைத்தால் மொத்தம் முழுதாகும் என்று நினைப்போம். ஆகாது. ஒலியின் சக்தி அழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது. பாதி என்றால் சக்தியில் கால். இரண்டு கால் சேர்ந்தால் அரைதான். மாற்றத்தின் நடுவில் ஒரு பள்ளம் விழும். ஒவ்வொன்றையும் 0.7 அளவில் வைத்தால்தான் மட்டம் குறையாது. நல்ல மிக்ஸர்களில் அந்த வளைவை உள்ளேயே அமைத்திருக்கிறார்கள். தண்டவாளம் என் துறை அல்ல என்றாலும், நேர்ப்பாதையிலிருந்து வளைவுக்குப் போகுமிடத்தில் நம் சிவில் சகாக்கள் போடுகிற ட்ரான்ஸிஷன் கர்வ் நினைவுக்கு வந்தது. நேர்கோட்டின் நுனியில் வட்டத்தை அப்படியே ஒட்டினால் வண்டி உதறும். வளைவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, வெளித் தண்டவாளத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினால் பயணி கையிலிருக்கும் டீ சிந்தாது.

அடித்தொனிக்கு மட்டும் விதிவிலக்கு. இரண்டு பாட்டின் பேஸ் ஒலிகளும் ஒன்றாக ஓடினால் சில சமயம் கூடிக் குமுறும். சில சமயம் எதிரெதிராகி ஒன்றையொன்று விழுங்கிவிடும். ஆகவே புதிய பாட்டைக் கொண்டுவரும்போது அதன் பேஸை முழுக்கக் குறைத்துவைத்து, மேல்தொனிகளை மட்டும் உள்ளே விடுகிறார்கள். வாக்கியம் முடியும் அந்த அடியில் ஒரு கையால் பழையதன் பேஸை மூடி, மறு கையால் புதியதன் பேஸைத் திறக்கிறார்கள். கூடத்தில் இருப்பவர்கள் பாட்டு மாறியதை அப்போதுதான் உணர்கிறார்கள்; மாறிப் பாதி நேரம் ஆகியிருக்கும்.

சுருதியையும் பார்க்க வேண்டும். இசைத்தட்டை 6 சதவீதம் வேகமாகச் சுழற்றினால் பாட்டு 1 கட்டையிலிருந்து ஒன்றரைக் கட்டைக்கு ஏறிவிடும். இன்றைய கணினி நிரல்கள் சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் மாற்றித் தருகின்றன. ஆனாலும் இரண்டு பாட்டின் ஆதார சுருதிகள் ஒத்துவராதவையாக இருந்தால், சேர்ந்து ஒலிக்கும் நேரத்தில் பல்லைக் கூசும். ஒரே சுருதி, அல்லது ச-ப உறவுள்ள சுருதி என்றால் உத்தமம். அப்படி அமையாவிட்டால் தாளவாத்தியம் மட்டும் ஒலிக்கும் இடங்களில் மாற்றிவிடுகிறார்கள். இரண்டு பாடகர்களின் குரலை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றுவது மட்டும் கூடவே கூடாது. நம் பாட்டுகளில் இதற்காகவே செய்து வைத்தாற்போல முன்னிசையும் இடையிசையும் இருக்கின்றன. பல்லவி முடிந்து இடையிசையில் வெளியேறி, அடுத்ததன் முன்னிசையில் நுழையலாம்.

சேரவே சேராத ஜோடிகளும் உண்டு. நான்கு நடையில் உள்ள பாட்டையும் மூன்று நடையில் உள்ள பாட்டையும் எந்தச் சமர்த்தராலும் பின்ன முடியாது. அங்கே பழையதன் கடைசி அடியை எதிரொலியாகக் கரையவிட்டு, ஒரு கணம் மௌனம் கொடுத்து, புதியதைச் சமத்தில் தொடங்கிவிட வேண்டியதுதான். அதுவும் ஒரு முறைதான்; வெட்கப்பட வேண்டியதில்லை.

என்னுடைய 98-ஐயும் 106-ஐயும் தம்பி மகன் எப்படிச் சரிசெய்தான் என்று கேட்பீர்கள். முதலாவதை 4 சதவீதம் கூட்டினான். இரண்டாவதை 4 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகக் குறைத்தான். இரண்டும் 102-ல் சந்தித்தன. ஆடுகிற குழந்தைக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. வெட்டும் இடத்தை 147-ஆம் அடியிலிருந்து 160-க்கு நகர்த்தினான். சரியாக ஐந்து வாக்கியம். ஆடாஸிட்டி என்ற இலவச நிரலிலேயே இதெல்லாம் செய்ய முடிகிறது. சுருதி மாறாமல் வேகத்தை மாற்றும் வசதி அதிலேயே இருக்கிறது.

வரும் பொங்கலுக்கும் பாடல் கோக்கும் வேலையை என்னிடமே விட்டிருக்கிறார்கள், செயற்குழுவுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை போலும். நடனத்தில் சேரும் குழந்தைகளின் பெற்றோர்கள் பாடல்களை டிசம்பர் முதல் வாரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். கடைசி நேரத்தில் பாட்டை மாற்ற முடியாது. பாட்டின் பெயரோடு, ஆட்டம் எந்த வரியில் தொடங்குகிறது, எத்தனை எட்டு ஆடுகிறார்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதித் தாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைகளில் குழந்தைகள் நேராகக் கோத்த பாட்டுக்கே ஆட வேண்டும். தனித்தனிப் பாட்டுக்கு ஆடிப் பழகிவிட்டு மேடையில் வந்து முதல் தடவையாகக் கேட்கக் கூடாது. அந்தச் சிறுமி பெயர் கொடுத்திருக்கிறாள். முன்வரிசையிலேயே நிற்பதாகச் சொல்லியிருக்கிறாள்.